கரிசல் மண்ணும் கழிவுச் சாம்பலும்

ஐப்பசியில் நாலு மழை நின்று பெய்துவிட்டால், கயத்தாறு, கடம்பூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் முதலிய கரிசற் சீமையிலே குடியானவன் முகம் மலர்கிறது; அதே மழையில் ரஸ்தாவை நம்பிப் பிழைப்பவன் முகம் வாடுகிறது. சித்திரை வெயிலில் கைத்தடி இறங்கும்படி வாய் பிளந்து கிடந்த மண், தண்ணீர் பட்டதும் பொங்கி எழும்பி, வெடிப்பையெல்லாம் மூடிக்கொண்டு, களியாகி, நடப்பவன் காலையும் வண்டிச் சக்கரத்தையும் பற்றிக்கொள்கிறது. மழை ஓய்ந்து மாசி பங்குனி வந்ததும் திரும்பவும் வற்றிச் சுருங்குகிறது. இவ்விதம் ஆண்டுக்கொரு முறை மூச்சை இழுத்து மூச்சை விடுகின்ற பூமியின் மீது நாம் தார் ரஸ்தாவைப் போடுகிறோம், பள்ளிக்கூடத்தைக் கட்டுகிறோம், ஏழை தன் ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி ஒற்றை அறை வீட்டை எழுப்புகிறான். இரண்டொரு மழைக்காலம் கழிவதற்குள் ரஸ்தா விளிம்பில் நீளவாட்டில் பிளக்கிறது. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. "கரிசல் அப்படித்தான்" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நமது ஜனங்களுக்கு வழக்கமாய்ப் போய்விட்டது. அது விதியன்று; பரிகாரமுள்ள ஒரு நோய் என்பதையும், அப்பரிகாரத்துக்கான சரக்கில் பெரும் பங்கு நமது ஜில்லாவிலேயே குப்பையாகக் குவிந்து கிடக்கிறதென்பதையும், அதைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறதென்பதையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இன்று நமது நோக்கம்.

கயத்தாறு என்றதும் தமிழன் மனத்தில் எழுவது வீரபாண்டியக் கட்டபொம்மனின் நினைவு. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அவ்வீரன் தூக்கிலிடப்பட்டது அவ்வூரிலேதான். ஆண்டுதோறும் அந்நாளில் மாலைகளோடும் கொடிகளோடும் அங்கே வந்து இறங்கும் பிரமுகர்கள் பலர். அவர்கள் வருவது மதுரையையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நாற்கரச் சாலையில். அப்பெருஞ்சாலையை விட்டிறங்கி, கிழக்கே கரிசற் காட்டுக்குள் நுழையும் கிராம ரஸ்தாக்களில் நாலு மைல் போய் வந்தால் வேறொரு காட்சியைக் காண்பார்கள். பெருஞ்சாலைக்கு இஞ்சினீயர்கள் மண்ணைப் பரிசோதித்து, பொல்லாத மண்ணைத் தோண்டியெறிந்து, நல்ல மண்ணைக் கொட்டிப் பாதம் அமைக்கிறார்கள். கிராம ரஸ்தாவுக்கோ பல இடங்களில் அந்த அக்கறை இல்லை. பழைய வண்டித் தடத்தின் மேல் கொஞ்சம் சரளையும், அதன்மேல் ஜல்லியும், அதன்மேல் விரற்கடை கனத்தில் தாருமே அதற்குக் கிடைக்கும் மரியாதை. மண் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான், மரியாதை மட்டும் இரண்டு விதம்.

கரிசலைப் பழிப்பது நமது கருத்தன்று. அந்த மண்ணின் குணமே குடியானவனுக்கு ஜீவாதாரம். ஆண்டுக்குச் சுமார் எழுபது சென்டிமீட்டர் மழையே பெய்யும் வானம்பார்த்த பூமி அது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். அந்த மழையை வெடிப்புகள் வழியாக விழுங்கி, மாதக்கணக்கில் உள்ளே பதுக்கி வைத்து, பருத்திக்கும் சோளத்துக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் கொத்தமல்லிக்கும் சிறிது சிறிதாகப் பரிமாறுவது இந்தக் கருமண்ணேயாகும். 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டதும் இம்மண்ணின் அருமையைக் கருதியே. எந்தக் குணம் உழவனுக்கு வரமோ, அதே குணம் கொத்தனுக்குச் சாபமாக முடிகிறது. நமது முன்னோர் இதை அறியாதவரல்லர். இடைசெவல், செவல்பட்டி என்ற ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். கருமண்ணுக்கு நடுவே செம்மண் திட்டு கண்ட இடத்தைப் பெயரிட்டுப் போற்றியது அவர்களுடைய மண்ணறிவுக்குச் சாட்சி. ஆனால் ஊர்கள் பெருகிவிட்டன. ரஸ்தாவுக்குச் செவல், கரிசல் என்று தேர்ந்தெடுத்து ஓடும் சௌகரியமும் இல்லை. கரிசலின் மேலே போயே ஆகவேண்டும்.

அப்படியானால் மண்ணின் உள்ளே நடப்பது யாது? கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது மிகுதியாக இருக்கிறது. புத்தகத்தின் ஏடுகளைப்போல மிக மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது அது. தகடுகளினிடையே சோடியம் முதலிய உப்பணுக்கள் தங்கியிருக்கின்றன. தண்ணீர் வந்ததும் அவை அதனை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ள, ஏடுகள் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன, மண் ஊதுகிறது. தண்ணீர் போனதும் ஏடுகள் நெருங்க, மண் சுருங்கிப் பிளக்கிறது. ரஸ்தாவின் நடுவே தார் மூடியிருப்பதால் ஈரம் மெல்லத்தான் மாறுகிறது. ஓரத்திலோ மழையும் வெயிலும் நேராகப் படுகின்றன. நடு ஒரு விதமாகவும் ஓரம் ஒரு விதமாகவும் எழும்பித் தாழ்வதாலேயே விளிம்பில் நீளப் பிளவு உண்டாகிறது. வீட்டுக்கும் இதுவே நேருகிறது. நாலு மூலையும் ஒன்றாக எழும்பி ஒன்றாகத் தாழ்ந்தால் சுவர் பிளவாது. ஒரு மூலை மட்டும் அசைவதுதான் கேடு.

இந்தக் கேடு நமது தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரு இஞ்சினீயர்கள் 1973-இல் கணக்கிட்டு, ஊதும் மண்ணால் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் 230 கோடி டாலர் நஷ்டமென்றும், அது வெள்ளம், புயல், பூகம்பம் ஆகியவற்றால் விளையும் நஷ்டத்தை ஒன்றாகக் கூட்டினாலும் அதைவிட இரு மடங்குக்கு மேலென்றும் வெளியிட்டார்கள். வெள்ளம் வந்தால் மந்திரிகள் வருகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, நிவாரணம் கிடைக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஜில்லா பட்ட பாட்டை உலகமே கண்டது. ஆனால் மண் மெல்ல மெல்லச் சுவரைப் பிளப்பதை யாரும் ஆபத்தென்று எண்ணுவதில்லை. அதற்கு நிவாரணமும் இல்லை.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண்களைப் பூமிக்குள் இறக்கி, அசையும் மண்ணைக் கடந்து அசையாத மண்ணில் வீட்டை நிறுத்தும் முறையைப் பரவச் செய்தார்கள். ஆழமான கரிசலில் அத்தூண் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்கவேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணய விதி. பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காட்டி, ஊதாத களிமண்ணைக் கனமாகப் பரப்பிக் கரிசலை அமுக்கி வைக்கும் முறையைக் கண்டு, அதை 1978-இல் இந்திய மண்ணியல் இஞ்சினீயர்களின் சபையில் விளக்கினார். இரண்டும் சிறந்த முறைகளே. ஆயினும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் பெற்று 360 சதுர அடியில் வீடு கட்டும் ஏழைக்குத் தூண் இறக்கக் கட்டுமா? நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டலாமென்றால், அந்த மண் எங்கிருந்து வருகிறது? இன்னொரு கிராமத்தின் செவற் காட்டிலிருந்தும், குன்றின் அடிவாரத்திலிருந்தும், குளத்தங்கரையிலிருந்தும் லாரி லாரியாக வருகிறது. ஓர் ஊரின் ரஸ்தா நிற்க மற்றோர் ஊரின் நிலம் பள்ளமாவது என்ன நியாயம்?

ஆகவே, உள்ள மண்ணை அகற்றாமல் உள்ள இடத்திலேயே அதன் குணத்தை மாற்றுவதே சாலச் சிறந்தது. இது புதிய மந்திரமன்று. சுண்ணாம்போடு சுட்ட செங்கற்பொடியைச் சேர்த்தால் தண்ணீரிலும் இறுகும் என்பதை நமது கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அதைச் சுர்க்கி என்பர். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாற்று அணை இந்தச் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையாலேயே எழுந்தது. மதுரைச் சீமையின் வயல்களுக்குத் தண்ணீர் தந்துவரும் அணை, உடைந்த செங்கல்லின் தூளைக் கொண்டு கட்டப்பட்டதென்றால், கழிவென்று எதனை இகழ்வது?

இன்று நமக்குச் சுர்க்கியின் இடத்தில் நிற்பது நிலக்கரிச் சாம்பல். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் 1979-இல் ஓடத் தொடங்கிற்று. அங்கே யூனிட்டுக்கு 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டுகள் நிறுவப்பட்டன. அதன் அருகே 2015-இல் யூனிட்டுக்கு 500 மெகாவாட் வீதம் இரண்டு யூனிட்டுகளைக் கொண்ட மற்றொரு நிலையமும் ஏற்பட்டது. நமது நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு சாம்பலாகவே மிஞ்சுகிறது. புகையோடு எழும் மெல்லிய உலர் சாம்பலைப் பிடித்துச் சிமெண்டு ஆலைகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் அனுப்புகிறார்கள். எஞ்சியது தண்ணீரோடு கலந்து சாம்பற் குட்டைகளுக்குப் போகிறது. அந்தக் குவியல் கயத்தாற்றிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தெற்கே திருநெல்வேலி ரஸ்தாவில் தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நெல்லை அரைக்கும் ஆலைகளில் உமிச் சாம்பல். அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிலிக்கா. மருந்துச் சரக்கெல்லாம் வீட்டு வாசலில் கிடக்க, நோயாளி உள்ளே முனகிக்கொண்டிருப்பதைப் போன்றதன்றோ நமது நிலை!

இச்சரக்கு வேலை செய்யும் விதத்தையும் சொல்லவேண்டும். சுண்ணாம்பைக் கரிசலோடு கலந்தவுடன் சுண்ணாம்பிலுள்ள கால்சியம், மண் தகடுகளிடையே உள்ள சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. தகடுகள் இறுகுகின்றன, பசைபோன்ற களி சில மணி நேரத்திலேயே பொலபொலவென்று உதிரும் மண்ணாகிறது. இது முதற்படி. பிறகு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சுண்ணாம்பும், சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கூடி, சிமெண்டைப் போன்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. இது இரண்டாம் படி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. தூத்துக்குடிச் சாம்பலில் அது குறைவு. ஆதலால் தூத்துக்குடிச் சாம்பலை மட்டும் கொட்டி உழுதுவிட்டால் போதாது, சுண்ணாம்பும் சேரவேண்டும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லையென்றால் நாக்குச் சிவக்காது என்பதை நாம் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. குட்டையில் ஊறிய சாம்பலுக்கு இந்த வீரியம் குறைவு. அது கரைகளையும் மேடுகளையும் நிரப்ப உதவும்.

ஒரு கிராம ரஸ்தாவுக்கு எவ்வளவு சரக்கு வேண்டுமென்று ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் கனம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் 1,800 கன மீட்டர் மண். எடையில் சுமார் 2,900 டன். இதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சாம்பலும் நாலு பங்கு சுண்ணாம்பும் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், சாம்பல் சுமார் 430 டன்னும் சுண்ணாம்பு சுமார் 115 டன்னும் தேவைப்படும். அந்தந்த இடத்து மண்ணைப் பரிசோதித்தே இந்த விகிதத்தை நிர்ணயிக்கவேண்டும். ஊருக்கு ஊர் அது மாறும். ஆனால் வெட்டியெறிய வேண்டிய 1,800 கன மீட்டர் மண்ணும், அதற்கு ஈடாக வேறிடத்திலிருந்து வெட்டிக் கொணரவேண்டிய 1,800 கன மீட்டர் சரளையும் மிச்சமாவதை யார் மறுக்கக்கூடும்?

"இதெல்லாம் சோதனைச்சாலைப் பேச்சு" என்று சிலர் சொல்லலாம். டில்லியில் யமுனையின் மீது நிஜாமுதீன் இரண்டாம் பாலத்துக்கு ஏறும் கரை 1996 முதல் 1998 வரை கட்டப்பட்டது. அதில் சுமார் ஒன்றரை லட்சம் கன மீட்டர் சாம்பல் நிரப்பப்பட்டது. இந்திய ரோடு காங்கிரஸ் சாம்பற் கரைகளுக்கென்று 2001-இலும், சுண்ணாம்பு, சிமெண்டு, சாம்பல் கொண்டு மண்ணைத் திடப்படுத்துவதற்கென்று 2010-இலும் விதி நூல்கள் வெளியிட்டிருக்கிறது. மதுரைத் தியாகராசர் இஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், வீதியிற் கிடந்த பிளாஸ்டிக்கை ஜல்லியின்மேல் உருக்கிப் பூசித் தார் ரஸ்தா போடும் முறையைக் கண்டுபிடித்து, 2018-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அது ரஸ்தாவின் மேற்பரப்புக்கு. நாம் பேசுவது அதன் பாதத்துக்கு. தமிழனுக்கு அறிவுக் குறைவில்லை. அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் மனந்தான் குறைவு.

சட்டம் என்ன சொல்லுகிறது? மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்தவேண்டுமென்று மத்திய சர்க்கார் முதன்முதல் அறிக்கை வெளியிட்டது 1999 செப்டம்பர் 14-இல். 1996-97-இல் தேசமெங்கும் உண்டான சுமார் 6 கோடியே 89 லட்சம் டன் சாம்பலில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடப் பயன்படவில்லை. 2021-22-இலோ சுமார் 27 கோடி டன் உண்டாகி, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு பயன்பட்டதாக மத்திய மின்சார ஆணையம் கணக்குக் காட்டிற்று. "அப்படியானால் மிச்சமேது?" என்று கேட்கலாம். அது அவ்வாண்டில் உண்டான சாம்பலின் கணக்கு. முந்தைய ஆண்டுகளில் குட்டைகளில் குவிந்தது வேறு. அந்தப் பழஞ்சாம்பலையும் பத்தாண்டுகளுக்குள் தீர்க்கவேண்டுமென்பது 2021 டிசம்பர் 31-ஆம் தேதி அறிக்கையின் கட்டளை. அவ்வறிக்கையில் நமக்கு முக்கியமான வாசகம் இன்னொன்றுண்டு: மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் ரஸ்தா முதலிய கட்டுமானம் செய்யும் சர்க்கார் ஸ்தாபனங்களும் தனியாரும், மின் நிலையம் தன் செலவில் சாம்பலைக் கொண்டுவந்து இனாமாக இறக்குமானால், அதைக் கட்டாயம் உபயோகித்தாக வேண்டும். முந்நூறு எங்கே, அறுபது எங்கே! "வண்டிக்கூலி கட்டாது" என்ற சாக்குக்கு இதற்குமேல் எவ்வளவு இடமுண்டு என்பதை நெடுஞ்சாலைத் துறையாரும் ஊரக வளர்ச்சித் துறையாருமே சொல்லவேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபுறத்தைச் சொல்லாது விடுவோமானால் நாம் ஜனங்களுக்குத் துரோகம் செய்தவராவோம். கழிவைப் பயன்படுத்துவது வேறு. கழிவைத் தள்ளிவிடுவது வேறு. இரண்டாவது காரியம் முதலாவதன் வேஷத்தில் வருவதுண்டு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விஷயத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாமிரம் உருக்கியபின் எஞ்சும் கருங்கசடு, பள்ளம் நிரப்ப உதவும் பண்டம் என்ற பெயரிலே பல இடங்களில் கொட்டப்பட்டது. உப்பாற்றின் ஓரத்திலும் குவிந்தது. 2018 ஏப்ரல் 9-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது, உப்பாற்றங்கரைக் கசட்டை அகற்றாததையும் காரணங்களில் ஒன்றாகக் காட்டிற்று. அவ்வாண்டு மே 22, 23 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் மாண்டனர். ஆலையின் அப்பீலை 2024 பிப்ரவரி 29-இல் தள்ளுபடி செய்த சுப்ரீம் கோர்ட்டும், கசடு பல இடங்களில் கிடந்ததைக் குறிப்பிட்டது. அந்தக் கசடு ரஸ்தாவுக்கு உதவாத பண்டம் என்று நாம் சொல்லவில்லை. பரிசோதனையும் கணக்கும் பொறுப்பும் இல்லாமல் ஆற்றோரத்தில் கிடக்கும் எந்தப் பண்டமும் பண்டமல்ல, குப்பையே என்று சொல்லுகிறோம்.

நிலக்கரிச் சாம்பலும் திருநீறன்று. அதில் ஆர்சனிக், குரோமியம், ஈயம் முதலியவை சிறிதளவிலேனும் உண்டு. சுண்ணாம்போடு இறுகி, மண்ணால் மூடப்பட்டு, நிலத்தடி நீருக்கு மேலே இருக்கும்வரை அவை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். திறந்த வெளியில் காற்றிலும் மழையிலும் கிடந்தால் மூச்சிலும் கிணற்றிலும் கலக்கும். ஆகவே ஊருணிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் அருகே அதனைக் கொட்டலாகாது. உழுநிலத்தில் ஒரு பிடியும் விழலாகாது. கரிசலின் ஊதும் குணத்தை ரஸ்தாவின் அடியிலேதான் அடக்கவேண்டுமேயன்றிப் பருத்திக் காட்டிலே அல்ல.

இன்னொரு கண்ணியுமுண்டு. ஜிப்சம் முதலிய சல்பேட் உப்புகள் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பைச் சேர்த்தால், நாளடைவில் ஊசிபோன்ற படிகங்கள் வளர்ந்து, எதனை அடக்க வந்தோமோ அந்த வீக்கமே முன்னிலும் பன்மடங்காகக் கிளம்புவதுண்டு. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஸ்டூவர்ட் அவென்யூ என்ற வீதி இவ்விதமே சுண்ணாம்பு மருந்தால் வீங்கிப் பாழாயிற்று. அதன் காரணத்தை ஹன்டர் என்பவர் 1988-இல் விளக்கினார். மண்ணைச் சோதியாமல் மருந்து கொடுக்கும் கண்டிராக்டர், நாடி பாராமல் பஸ்பம் கொடுக்கும் போலி வைத்தியனுக்கு ஒப்பானவர்.

ஆதலால் நாம் கேட்பவை இவை. முதலாவது, கரிசற் பிரதேசத்தில் எந்தக் கிராம ரஸ்தாவுக்கும், எந்தச் சர்க்கார் கட்டடத்துக்கும், மண் பரிசோதனை இல்லாத எஸ்டிமேட்டை மேலதிகாரி ஏற்கலாகாது. இரண்டாவது, அந்தப் பரிசோதனையில் வீக்கத்தோடு சல்பேட்டின் அளவும் சேரவேண்டும். மூன்றாவது, கரிசலென்று கண்ட இடத்தில் சுண்ணாம்பும் சாம்பலும் கொண்டு பாதம் திடப்படுத்துவதை எஸ்டிமேட்டிலேயே எழுதி, சாம்பலை இனாமாகத் தரும்படி மின் நிலையத்தாரிடம் கேட்டு வாங்கவேண்டும். நான்காவது, வருகிற சாம்பல் எத்தனை டன், எந்த நாள், எந்த ரஸ்தாவுக்கு, நச்சுச் சோதனையின் முடிவு என்ன என்பவற்றை வேலை நடக்கும் இடத்திலே தமிழில் பலகையில் எழுதி வைக்கவேண்டும். ஐந்தாவது, தனி வீடு கட்டும் ஏழைக்கும் இந்த முறை எட்டும்படி, ஒன்றியத்துக்கு ஒன்றாக மாதிரி வீடுகளின் அஸ்திவாரத்தை இவ்விதம் அமைத்து, ஐந்து மழைக்காலம் அளந்து பார்த்து, உண்மையை ஒளியாமல் வெளியிடவேண்டும். பலன் கண்டால் பரவட்டும், காணாவிட்டால் நிறுத்தட்டும்.

இதில் தேசத் தொண்டர்களுக்கும் வேலையுண்டு. அது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. மண் ஊதும் அளவைக் காட்டும் ஒரு சோதனையை 1977-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய விதியே வகுத்திருக்கிறது. நன்றாய் உலர்த்தி மெல்லிய சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக எடுத்து, நூறு மில்லிலிட்டர் அளவுக் குழாய்கள் இரண்டில் போடவேண்டும். ஒன்றில் வாலைவடித்த தண்ணீரும், மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு பகல் ஓர் இரவு விட்டுவிடவேண்டும். மண்ணெண்ணெயில் மண் ஊதாது, தண்ணீரில் ஊதும். மண்ணெண்ணெயில் பத்து அளவாகவும் தண்ணீரில் பதினேழு அளவாகவும் மண் நிற்குமானால், வீக்கம் நூற்றுக்கு எழுபது. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் ஊதும் மண்ணை ரஸ்தா மேட்டுக்கு நிரப்பலாகாது என்று மத்திய சர்க்காரின் நெடுஞ்சாலை விதியிலேயே எழுதியிருக்கிறது. எந்த ஹைஸ்கூல் சோதனைச்சாலையிலும் ஒரு ரஸாயன உபாத்தியாயரின் மேற்பார்வையில் பிள்ளைகளே இதைச் செய்து பார்க்கலாம். இஞ்சினீயரின் பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் அப்பரிசோதனையைக் கேட்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நமது ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அந்தச் சபைக்கு நமது தொண்டர்கள் கொடியோடு மட்டும் போகவேண்டாம். தங்கள் ஊர் ரஸ்தாவின் மண்ணையிட்ட அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் எடுத்துக்கொண்டு போகட்டும். மேஜைமேல் வைத்துவிட்டு, "இந்த மண்ணின்மேல் போடும் ரஸ்தாவுக்கு எஸ்டிமேட்டில் என்ன பரிகாரம் எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுத்து மூலம் கேட்கட்டும். சாம்பல் லாரி வந்தால் எடையையும் சோதனைச் சீட்டையும் கேட்கட்டும். சீட்டில்லாத லாரியைத் திருப்பியனுப்பட்டும்.

கரிசற் குடியானவன் இரந்து நிற்பவனல்லன். பருத்தியும் தானியமும் தந்து, தீப்பெட்டித் தொழிலில் வீட்டுக்கு வீடு உழைத்து, நாட்டுக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறான். தூத்துக்குடியில் நிலக்கரி எரிந்து உண்டாகும் மின்சாரத்தைத் தமிழ்நாடு முழுவதும் அனுபவிக்கிறது; அதன் சாம்பல் மட்டும் இந்த ஜில்லாவின் பங்காக நிற்கிறது. அந்தச் சாம்பலைக் காற்றிலும் குட்டையிலும் அவன் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறான். அதே சாம்பல் அளந்து, சோதித்து, அவன் ரஸ்தாவின் அடியில் அவனுக்கு உழைக்கவேண்டுமென்று கேட்பது சலுகையன்று, பாக்கியை வசூலிப்பது. அடுத்த அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் வந்திறங்கும் பிரமுகர்கள், மாலையிட்ட பின் அரை மணி நேரம் ஒதுக்கி, பெருஞ்சாலைக்குக் கிழக்கே ஒரு கிராம ரஸ்தாவில் இறங்கி நடந்து பார்ப்பார்களா? அது ஐப்பசி தொடங்கும் பருவம். மழையும் பெய்திருந்தால், நாம் இங்கே எழுதியதை அவர்களுக்கு மண்ணே சொல்லிவிடும்.